கூகுள் சர்ச் கன்சோல்: ஃபோல்டர் பிரித்த தளத்தோடுதான் பேசும்

தமிழில் தளம் நடத்துகிறவருக்குக் கூகுள் சர்ச் கன்சோல் அளவுக்கு உதவும் இலவசக் கருவி வேறில்லை. 2015 வரை இதன் பெயர் வெப்மாஸ்டர் டூல்ஸ். 2018-ல் தோற்றமும் மாறியது. எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் வந்தது, எந்தப் பக்கத்தைக் கூகுள் சேர்த்துக்கொண்டது, எதை ஒதுக்கியது, ஏன் ஒதுக்கியது என்பதையெல்லாம் கூகுளே சொல்லும் இடம் இதுதான். ஆனால் பலரும் இதைத் திறந்து, மொத்த கிளிக் கோடு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தக் கோட்டை மட்டும் வைத்து ஒரு பக்கத்தைக்கூடத் திருத்த முடியாது.

தளத்தின் அமைப்பையும் இனி எழுத வேண்டியதையும் திட்டமிட இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். உதாரணத்துக்கு 400 பக்கம் உள்ள ஒரு தமிழ் சமையல் தளத்தை எடுத்துக்கொள்ளலாம். முகவரிகளை ஒழுங்காக ஃபோல்டர் பிரித்து வைத்திருந்தால் கன்சோல் அந்தத் தளத்தைப் பற்றி நிறையச் சொல்லும். எல்லாப் பதிவும் டொமைனுக்கு அடுத்து நேராக ஒரே குவியலாகக் கிடந்தால் பாதிக் கேள்விக்கு அதனிடம் பதிலே வராது.

காரணம் இதுதான். எந்தத் தேடலுக்கு எத்தனை கிளிக் வந்தது என்று சொல்லும் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கை திரையில் காட்டுவது அதிகபட்சம் 1000 வரிசை. 400 பக்கச் சமையல் தளத்துக்கு வரும் தேடல் சொற்கள் பல ஆயிரம் இருக்கும். முதல் ஆயிரத்தைச் சாம்பாரும் ரசமும் பிரியாணியும் பிடித்துக்கொண்டால், பலகாரப் பக்கங்கள் எந்தச் சொல்லுக்கு வருகின்றன என்பது கண்ணில் படாது. எந்தப் பக்கத்தைச் சேர்த்தது, எதை ஏன் ஒதுக்கியது என்று சொல்லும் பேஜ் இண்டெக்ஸிங் அறிக்கையிலும் இதே கதைதான்: ஒவ்வொரு காரணத்துக்கும் மாதிரியாக 1000 முகவரி வரைதான் காட்டும்.

இதற்கு வழி கன்சோலுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் டொமைனின் பதிவேடான டிஎன்எஸ்-ல் ஒரு டெக்ஸ்ட் பதிவு சேர்த்து, முழு டொமைனையும் ஒரு ப்ராப்பர்ட்டியாக (கன்சோல் தனிக் கணக்கு வைக்கும் பகுதி) உறுதிசெய்யுங்கள். பிறகு குழம்பு ஃபோல்டர், பொரியல் ஃபோல்டர், டிபன் ஃபோல்டர், பலகாரம் ஃபோல்டர் என்று ஒவ்வொன்றின் முகவரியையும் யூஆர்எல் ப்ரிஃபிக்ஸ் (அந்த முகவரியில் தொடங்கும் பக்கங்கள் மட்டும்) வகையில் தனித்தனி ப்ராப்பர்ட்டியாகச் சேருங்கள். டொமைன் ஏற்கெனவே உங்கள் கணக்கில் உறுதியாகியிருந்தால் இவை தாமாகவே உறுதியாகிவிடும். இனி ஒவ்வொரு பிரிவுக்கும் சொந்தமாக 1000 வரிசையும் சொந்தமாக ஓர் இண்டெக்ஸிங் அறிக்கையும் கிடைக்கும். சேர்த்த நாளிலிருந்துதான் தரவு சேரத் தொடங்கும் என்று வைத்துக்கொண்டு, தளம் திறக்கும் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். கூகுள் தளத்தை எவ்வளவு படிக்க வருகிறது என்று சொல்லும் க்ரால் ஸ்டாட்ஸ் மட்டும் ஃபோல்டர் ப்ராப்பர்ட்டியில் வராது; அதற்கு டொமைன் ப்ராப்பர்ட்டிக்குத்தான் போக வேண்டும்.

வேர்ட்பிரஸ்ஸில் பலரும் பதிவின் பெயர் மட்டும் முகவரியில் வரும் அமைப்பையே தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே சொன்ன எதையும் அதில் செய்ய முடியாது. பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) அமைப்பில் பிரிவின் பெயரையும் சேர்த்துவிட்டால் போதும். ஒரு பதிவை ஒரே ஒரு பிரிவில் மட்டும் போடுவது நல்லது. இரண்டு பிரிவில் போட்டு ஒன்றை நீக்கினால் முகவரியே மாறிவிடக்கூடும். பல நூறு பக்கம் சேர்ந்த பிறகு அமைப்பை மாற்றுவது பெரிய வேலை. ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் புதியதற்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போட்டு, குறைந்தது ஓர் ஆண்டு அதை விட்டுவைக்க வேண்டும். கன்சோலில் உள்ள சேஞ்ச் ஆஃப் அட்ரஸ் வசதி இதற்கு உதவாது. ஒரு டொமைனிலிருந்து இன்னொரு டொமைனுக்குப் போவோருக்கானது அது.

முகவரியைத் தமிழில் வைக்கலாமா

கூகுளைப் பொறுத்தவரை தாராளமாக வைக்கலாம். தகராறு வருவது வேர்ட்பிரஸ்ஸில். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீடும் முகவரிக்குள் போகும்போது மூன்று பைட்டாகப் பிரிந்து, சதவீதக் குறியோடு சேர்ந்து ஒன்பது எழுத்து இடத்தை எடுத்துக்கொள்ளும். தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும்போது வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும். அதாவது 22 குறியீடுதான் கணக்கு. இதில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடு.

‘செட்டிநாடு வத்தக்குழம்பு செய்வது எப்படி’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். ‘செட்டிநாடு’ என்பது 10 குறியீடு, 90 எழுத்து. இடைவெளிக்கு ஒன்று. மீதி 109-ல் 12 குறியீடுதான் அடங்கும். ‘வத்தக்குழம்பு’ என்பதோ 13 குறியீடு. ஆகவே முகவரி ‘செட்டிநாடு-வத்தக்குழம்ப’ என்று, கடைசி உகரம் கழன்று நிற்கும். ‘செட்டிநாடு வத்தக்குழம்பு வைக்கும் முறை’ என்று அடுத்த மாதம் இன்னொரு பதிவு எழுதினால் அதுவும் இதே இடத்தில்தான் வெட்டுப்படும். வேர்ட்பிரஸ் அதன் பின்னால் 2 என்று ஒட்டிவிடும். கன்சோலில் பார்க்கும்போது எது எந்தப் பதிவு என்று பிரித்தறியவே முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கோ’ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முகவரியில் இரண்டும் வேறு. உள்ளே கொடுத்த இணைப்பு 404 (பக்கம் இல்லை) என்று காட்டி, எழுத்துப்பிழை எங்கே என்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கோதுமை, கோயில், தோசை, பொங்கல், சோறு என்று ஒகர ஓகாரம் வரும் சொற்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது.

இதனால்தான் தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லுக்குள் வையுங்கள் என்கிறோம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சதவீதக் குறிகளாக நீளாமல் இருப்பது கூடுதல் வசதி.

தேடல் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது

கன்சோலில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் 16 மாதத் தரவு இருக்கிறது. 2021 முதல் ரெஜெக்ஸ் (எழுத்துகளின் வடிவத்தை வைத்துச் சொற்களைப் பிரிப்பது) வடிகட்டியும் உண்டு. தமிழ்த் தளத்துக்கு இந்த ஒரு வசதியே போதும், கருவியைத் தினமும் திறக்க.

தேடல் சொல் வடிகட்டியில் கஸ்டம் ரெஜெக்ஸைத் தேர்ந்தெடுத்து [அ-ஹ] என்று மட்டும் அடியுங்கள். தமிழ் எழுத்தில் தேடியவர்கள் மட்டும் வருவார்கள். பிறகு பொருந்தாதவை என்று மாற்றுங்கள். ஆங்கிலத்திலும் தங்கிலீஷிலும் தேடியவர்கள் வருவார்கள். ஒரு பக்கத்தை வடிகட்டி, இந்த இரண்டு பட்டியலையும் ஏற்றுமதி செய்து அருகருகே வைத்துப் பாருங்கள். தங்கிலீஷ் தேடலில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தலைகாட்டிய எண்ணிக்கை) குவிந்து கிளிக் குறைவாக இருந்தால், அந்தப் பக்கத்தின் தலைப்பிலோ முதல் பத்தியிலோ உணவின் பெயர் ஆங்கில எழுத்தில் ஒருமுறையாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை போதும். எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போடுவது தவறு; பின்னால் வரும் இண்டெக்ஸிங் தொல்லைகளில் பாதி அப்படிப் பிறந்தவைதான்.

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், ‘குழம்பு’ என்று வடிகட்டினால் ‘குழம்பில்’, ‘குழம்பின்’ என்று வருபவை நழுவிவிடும். கடைசி உகரத்தை விட்டு ‘குழம்ப’ என்று கொடுத்தால் எல்லாம் சிக்கும். வத்தக்குழம்பு, வத்தல் குழம்பு, வற்றல் குழம்பு மூன்றையும் ஒன்றாகப் பிடிக்க ‘வத்த|வற்ற’ என்று நடுவில் செங்குத்துக் கோடு போடுங்கள். நாட்டு வடிகட்டியையும் மறக்க வேண்டாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒரே உணவை எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்பது தெரியும். ‘சொதி’ போன்ற சொற்களுக்குத் தனிப் பக்கம் வேண்டுமா என்று அப்போதுதான் முடிவெடுக்க முடியும்.

இந்த எண்களை நம்பும்போது மூன்று எச்சரிக்கை. மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடும். ஆகவே தமிழ், தமிழல்லாதது என்ற இரண்டு பட்டியலையும் கூட்டினாலும் மொத்தம் வராது. நீளமாகவும் விதவிதமாகவும் எழுதப்படும் தமிழ்த் தேடல்கள் இதில் எளிதாக மறைந்துவிடும். இரண்டாவது, சராசரி இடம். புதிதாக 50 பக்கம் எழுதி அவை 40-வது இடத்தில் தலைகாட்டத் தொடங்கினால் தளத்தின் சராசரி இடம் கீழே போகும். அது வளர்ச்சி, சரிவல்ல. மூன்றாவது, 2025 செப்டம்பரில் ஒரே பக்கத்தில் 100 முடிவு வரவழைக்கும் வழியைக் கூகுள் அடைத்தது. அதையொட்டிப் பல தளங்களில் இம்ப்ரெஷன் இறங்கி, சராசரி இடம் மேலே போனதுபோலத் தெரிந்தது. அந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது கிளிக்கை மட்டும் பாருங்கள்.

இரண்டு பக்கம் ஒரே தேடலுக்கு மல்லுக்கட்டுகிறதா என்பதையும் இங்கேயே கண்டுபிடிக்கலாம். ‘இட்லி சாம்பார்’ என்ற தேடலைக் கிளிக் செய்து, பேஜஸ் பகுதிக்குப் போங்கள். ‘இட்லி சாம்பார்’, ‘டிபன் சாம்பார்’, ‘ஹோட்டல் சாம்பார்’ என்று மூன்று பக்கமும் வந்து, ஒவ்வொன்றும் 12-க்கும் 20-க்கும் இடையில் தள்ளாடினால், கூகுளுக்கு எதை நிறுத்துவது என்று பிடிபடவில்லை என்று பொருள். மூன்று பக்கத்தின் கோட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று ஏறும் வாரத்தில் இன்னொன்று இறங்கினால் சந்தேகமே வேண்டாம். செய்முறை உண்மையிலேயே ஒன்றுதான் என்றால், அதிக கிளிக் வரும் பக்கத்தில் மூன்றையும் சேர்த்து, மற்ற இரண்டையும் அதற்கு 301 செய்யுங்கள். செய்முறை வேறு என்றால் இணைக்க வேண்டாம். பருப்பு அளவும் அரைக்கும் பொருளும் எங்கே மாறுகின்றன என்பதைத் தலைப்பிலும் முதல் பத்தியிலும் சொல்லி, ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்பு கொடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே தேடலில் முதல் ஐந்துக்குள் நிம்மதியாக இருந்தால் கைவைக்கவே கூடாது.

ஒதுக்கப்பட்ட பக்கங்கள்

பேஜ் இண்டெக்ஸிங் அறிக்கையில் சாம்பல் நிறப் பட்டையைப் பார்த்ததும் பதறுகிறார்கள். அதில் பெரும்பகுதி இருக்க வேண்டியதுதான். ரீடைரக்ட் ஆன பக்கம், கேனானிக்கல் (எது மூலப் பக்கம் என்ற குறிப்பு) சரியாக உள்ள மாற்றுப் பக்கம் இரண்டையும் விட்டுவிடுங்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு.

‘கண்டறியப்பட்டது, இன்னும் சேர்க்கப்படவில்லை’ என்றால் முகவரி தெரியும், கூகுள் இன்னும் வந்து பார்க்கவில்லை. சிறிய தளத்தில் இதற்கு வழக்கமான காரணம், அந்தப் பக்கத்துக்கு உள்ளிருந்து இணைப்பே இல்லாதது. சைட்மேப்பில் (கூகுளுக்குக் கொடுக்கும் முகவரிப் பட்டியல்) மட்டும் இருக்கும். எந்தப் பதிவிலிருந்தும் வழி இருக்காது. ‘பார்க்கப்பட்டது, இன்னும் சேர்க்கப்படவில்லை’ என்றால் வந்து படித்துவிட்டுத்தான் வேண்டாம் என்று போயிருக்கிறது. இங்கே இணைப்பு கொடுத்துப் பயனில்லை. பக்கத்தையே திருத்த வேண்டும். முதலாவதற்கு எழுத்தைத் திருத்திக்கொண்டும் இரண்டாவதற்குப் பக்கத்தைச் சேர்க்கக் கேட்கும் ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் பொத்தானை அழுத்திக்கொண்டும் இருப்பவர்கள்தான் அதிகம். ஒரே முகவரியைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் வரிசையில் முன்னால் போகாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது.

தமிழ்த் தளங்களில் இந்த இரண்டாவது குவியலை நிரப்புவது டேக் (பதிவுக்கு ஒட்டும் குறிச்சொல்) பக்கங்கள். ஒரே பதிவுக்கு சமையல், சமையல் குறிப்பு, சமையல் குறிப்புகள், தமிழ் சமையல் என்று நான்கு டேக் போட்டால், ஒரே பதிவுகளை வரிசைப்படுத்தும் நான்கு பக்கம் உருவாகும். இவற்றுக்கு நோஇண்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே என்ற குறிப்பு) கொடுங்கள், அல்லது டேக்கையே எடுத்துவிடுங்கள். ஆனால் நோஇண்டெக்ஸ் கொடுத்த கையோடு கூகுள் எங்கே வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் தடை போட்டுவிடாதீர்கள். தடை இருந்தால் கூகுள் உள்ளே வராது. உள்ளே வராவிட்டால் நோஇண்டெக்ஸைப் படிக்காது. பக்கம் இண்டெக்ஸிலேயே கிடக்கும்.

அறிக்கையின் மேல் மூலையில் சைட்மேப் வாரியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. இங்கேயும் பிரித்துவைத்தவருக்குத்தான் பலன். வேர்ட்பிரஸ் 5.5 முதல் தானாக உருவாக்கும் சைட்மேப் பதிவு வகையாகப் பிரியுமே தவிர, குழம்பு, பொரியல் என்று பிரியாது. அதனால் பிரிவுக்கு ஒன்றாக நீங்களே கொடுத்துவிடலாம். எக்ஸ்எம்எல் தெரிய வேண்டியதில்லை. வரிக்கு ஒரு முகவரி எழுதிய சாதாரண டெக்ஸ்ட் கோப்பையும் கூகுள் ஏற்கும். ஒரு கோப்பில் 50,000 முகவரி, 50 எம்பி வரை போகலாம். எக்ஸ்எம்எல் வைத்திருப்பவர்கள் ப்ரயாரிட்டியையும் (முக்கியத்துவம்) சேஞ்ச்ஃப்ரீக்கையும் (எவ்வளவு அடிக்கடி மாறும்) நிரப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். கூகுள் இரண்டையும் பார்ப்பதில்லை. கடைசியாக மாற்றிய தேதியைப் பார்க்கும், அதுவும் அது உண்மையான தேதியாக இருந்தால்தான். ‘சமர்ப்பிக்காத பக்கங்கள்’ என்று வடிகட்டினால், தளத்தில் இருப்பதே உங்களுக்குத் தெரியாத முகவரிகள் வரிசையாக வரும்: தேடல் பெட்டி உருவாக்கியவை, பழைய படப் பக்கங்கள், ஃபீடுகள். மாதம் ஒருமுறை இதைப் பார்ப்பது போதும்.

கன்சோல் கைவிடும் இடங்கள்

உள் இணைப்பு அறிக்கை ஏமாற்றம்தான். ஒரு பக்கத்துக்கு எத்தனை இணைப்பு, எந்தப் பக்கங்களிலிருந்து என்று சொல்கிறது. அது மெனுவிலிருந்து வந்ததா, கட்டுரைக்குள்ளிருந்து வந்ததா என்று பிரிப்பதில்லை. முகப்பிலிருந்து எத்தனை கிளிக் ஆழத்தில் பக்கம் இருக்கிறது என்பதையும் சொல்வதில்லை. அதற்கு இணைப்புகளைப் பின்தொடர்ந்து தளம் முழுவதையும் படிக்கும் ஸ்க்ரீமிங் ஃப்ராக் போன்ற க்ராலர் தேவை. அதன் இலவசப் பதிப்பு 500 முகவரி வரை போகும். சிறிய தளத்துக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதில் க்ரால் டெப்த் நான்கைத் தாண்டிய பக்கங்களையும், கன்சோலில் இம்ப்ரெஷன் இருந்தும் 10-க்கும் 20-க்கும் நடுவில் நிற்கும் பக்கங்களையும் ஒப்பிடுங்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பவற்றுக்கு, அதே ஃபோல்டரின் நன்றாக ஓடும் பக்கத்திலிருந்து, உணவின் பெயரையே இணைப்புச் சொல்லாக வைத்து வழி கொடுங்கள். ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று கொடுக்கும் இணைப்பு, அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்கு எதையும் சொல்வதில்லை.

பக்கம் எவ்வளவு வேகமாக, குதிக்காமல் திறக்கிறது என்று அளக்கும் கோர் வெப் வைட்டல்ஸ் பகுதி, வருகை குறைந்த தளத்துக்குப் போதிய தரவு இல்லை என்றே காட்டும். வருகை இருந்தால் எல்சிபி (முக்கியப் பகுதி தெரியும் நேரம்) 2.5 நொடி, ஐஎன்பி (தொட்டதும் பதில் வரும் நேரம்) 200 மில்லி நொடி, சிஎல்எஸ் (பக்கம் குதிக்கும் அளவு) 0.1 என்ற மூன்று எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துரு தாமதமாக இறங்கி வரிகள் குதிப்பது மூன்றாவதைக் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றி கன்சோலுக்கு எதுவும் தெரியாது என்பது. தளத்தில் ஊறுகாய்ப் பிரிவே இல்லையென்றால் ஊறுகாய் தேடுவோர் இருக்கிறார்களா என்று இதைக் கேட்டுப் பயனில்லை. முதல் திட்டத்துக்குத் தேடல் பெட்டி தானாக நிரப்பும் சொற்களையும் கூகுள் ட்ரெண்ட்ஸையும் பாருங்கள். தமிழ் எழுத்திலும் தங்கிலீஷிலும் இரண்டு முறை அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வருவது வேறு வேறு. அந்தப் பட்டியலை வைத்து நான்கைந்து ஃபோல்டரும் ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பக்கமும் போட்டு, மூன்று மாதம் கழித்துக் கன்சோலைத் திறந்தால், அடுத்து எந்த ஃபோல்டரை வளர்ப்பது என்று அதுவே காட்டும்.

மதிப்பெண் போட வேண்டுமானால், இருக்கும் தளத்தைத் திருத்துவதற்கு ஐந்துக்கு நாலரை. புதிய தளத்தைத் திட்டமிடுவதற்கு ஐந்துக்கு இரண்டு.

தளத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்சோலில் உரிமையாளர் உங்கள் ஜிமெயில் கணக்காகத்தான் இருக்க வேண்டும். டிஎன்எஸ் பதிவை நீங்களே போடுங்கள். தளம் செய்பவருக்கு முழுப் பயனர் அனுமதி கொடுத்தால் அவருடைய வேலைக்குப் போதும். அவர் உரிமையாளராகச் சேர்ந்திருந்து பின்னர் விலகினால், பெயரை நீக்குவது மட்டும் போதாது. அவர் போட்ட உறுதிப்பாட்டுக் கோப்போ எச்டிஎம்எல் டேக்கோ தளத்தில் இருக்கும்வரை மறுபடி உரிமையாளராகச் சேர்ந்துகொள்ள முடியும். செட்டிங்ஸில் பயனர்கள் பகுதிக்குப் போனால் பயன்படாத உரிமை டோக்கன்களின் (இப்படிப்பட்ட உறுதிப்பாட்டு அடையாளங்களின்) பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொன்றையும் தளத்திலிருந்தும் டிஎன்எஸ்-லிருந்தும் எடுத்துவிடுங்கள்.